தெற்குத் தெருவுக்கு வாலைக் காட்டிய குதிரை

நில்லுங்க தம்பி, நில்லுங்க. கேமராவத் தோளுல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு எங்க போறிய? கோயிலுக்கா? கோயிலு எங்கயும் ஓடிறாது. உள்ள கல்யாணப் பூசை நடக்கு. இப்பம் போனியன்னா பிரசங்கத்துக்கு நடுவுல போய் நிக்கணும், எல்லாவனும் திரும்பிப் பாப்பான். இப்படி வாங்க, இந்த வள்ளத்து மேல உக்காருங்க. கவுத்துப் போட்டு வருசமாச்சு, தாரெல்லாம் காஞ்சு போச்சு, துணியில ஒட்டாது.

எந்த ஊரு? மதுரையா. மதுரையில இருந்து எங்க தருவைமுனைக் கோயிலைப் படம் எடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்திய? வெள்ளைக்காரன் காலத்துக் கோயிலெல்லாம் எடுக்குறியளோ? நல்லது. எடுங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன். முகப்பு உச்சியில குதிரை மேல ஒரு சாமி இருக்காரே, சந்தியாகப்பர், அவரைப் படம் எடுத்துப் போட்டுக் கீழ தருவைமுனைச் சந்தியாகப்பர்னு எழுதுனியன்னா அது பொய்யி. இங்ஙன இருந்தே பாருங்க. அந்தா தெரியுதுல்லா? என்ன தெரியுது? வெக்கப்படாமச் சொல்லுங்க. குதிரை வாலு. வாலும், வாலுக்குக் கீழ உள்ளதும். தெக்குத் தெருவுல எந்த வீட்டு வாசல்ல நின்னு கும்பிட்டாலும் இப்பம் இதான் எங்களுக்குத் தரிசனம்.

ஏன் என் சட்டையை அப்படிப் பாக்கிய? ஆமா, புதுச் சட்டைதான். வேட்டியும் புதுசுதான். உள்ள நடக்குற கல்யாணம் என் மகளுக்கு. நான் பிலவேந்திரன் கர்வாலோ, பெத்த தகப்பன். மக பேரு செலஸ்டினா, ஒத்த மக. மாப்பிள்ளை லின்டன், வடக்குத் தெரு கஸ்பார் மச்சாது மகன், கப்பல்ல வேலை பாக்கான். தங்கமான பையன், அவனைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிப் போகும். நான் ஏன் இங்ஙன உக்காந்திருக்கேன்னுதான கேக்க வாறிய? அந்தக் குதிரை தெக்க பாத்துத் திரும்புற வரைக்கும் கோயில் மதிலுக்குள்ள கால வைக்க மாட்டேன்னு கொடிமரத்தைத் தொட்டுச் சொல்லிட்டேன். ஊரே கூடி நின்னு கேட்டுச்சு. மக கல்யாணம்னு வந்ததும் வாயத் தொடச்சிட்டு உள்ள போனா நாளைக்கு ஒரு பய மதிப்பானா?

நீங்க படிச்ச ஆளு. நீங்களே நியாயம் சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுதேன்.

எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இங்ஙன ஓலைக்கோயில்தான். போர்த்துக்கீசுக்காரன் வந்தான், ஞானஸ்நானம் குடுத்தான், எங்களுக்கு கர்வாலோ, மச்சாது, மிராந்தான்னு பேரைக் குடுத்தான், ஓலைக்கு மேல ஒரு ஓடு வாங்கிப் போடல. பெறவு வந்தவருதான் மோறேல் சாமி. பிரான்சு நாட்டுக்காரரு. அவருதான் கல்லுக்கோயில் கட்டுனாரு. சிப்பிச் சுண்ணாம்பு சுட்டுக் குடுத்தது எங்க தெக்குத் தெரு. கல்லு சுமந்தது வடக்குத் தெரு. அதையும் சொல்லணும்லா, நான் ஒரு பக்கமாப் பேசுற ஆளு இல்ல. ஆனா சுண்ணாம்பு இல்லாம கல்லு நிக்குமா? நிக்காதுல்லா. அவ்வளவுதான்.

உள்ள போனியன்னா பீடத்தைப் பாக்காம வந்துராதிய. கொல்லத்து ஆசாரி செஞ்சது, முழுத் தேக்கு. பூசைக்குத் திராட்சை ரசம் வைக்கிற பீடம்லா, சுத்தித் திராட்சைக் கொடி செதுக்குன்னு மோறேல் சாமி சொல்லியிருக்காரு. கொல்லத்தான் திராட்சையை எங்க கண்டான்? அவன் பாட்டுக்கு வீட்டுக் கொல்லையில கெடந்த நல்லமிளகுக் கொடியைச் செதுக்கி வச்சிட்டான். இன்னைக்கும் எங்க கோயில்ல சேசுநாதரைச் சுத்தி மிளகுதான் காய்ச்சுக் கெடக்கு. சன்னல்ல வண்ணக் கண்ணாடி, அது பிரான்சுல செஞ்சது. சவேரியார் எங்க ஆட்களுக்கு ஞானஸ்நானம் குடுக்காரு, எங்க ஆளெல்லாம் ரோஸ் நிறத்துல, தலைப்பாகை கட்டிக்கிட்டு நிக்கானுவ. வரைஞ்சவன் எங்க ஆளைக் கண்டானா, கடலைக் கண்டானா? ஆனா காலைப் பூசையில வெயில் அதுவழியா விழுந்து பொம்பளையாளுவ முக்காட்டுல நீலமும் சிவப்புமா நிக்கும் பாருங்க, அதுக்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

குதிரைக்கு வாறேன். சந்தியாகப்பர் சுரூபமும் பிரான்சுல வார்த்ததுதான். முழுக்க இரும்பு. கப்பல்ல தூத்துக்குடி வந்து, அங்க இருந்து வள்ளத்துல வந்து இறங்கிச்சு. மோறேல் சாமி அதை முகப்பு உச்சியில, பக்கவாட்டுல நிக்கிற மாதிரி வச்சிட்டாரு. கோயில் கடலைப் பாத்து நிக்கு, கிழக்க. குதிரை தெக்க பாத்து நிக்கும். எங்க தெருவைப் பாத்து. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான். எங்க அப்பாவுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்தும் அப்படித்தான். வீட்டு வாசல்ல நின்னு நிமிந்தா குதிரை மூஞ்சி. கடலுக்குப் போகும்போது ஒரு கும்பிடு, வந்ததும் ஒரு கும்பிடு. காலைத் தூக்கிக்கிட்டு நேர நம்ம வீட்டுக்குப் பாஞ்சு வாற மாதிரி இருக்கும்.

வடக்குத் தெருவுக்கு என்ன தெரியும்னா கேக்கிய? அவனுவளுக்குப் பின்பக்கம் தெரியும். ஒரு குதிரைன்னா முன்னும் பின்னும் இருக்கத்தான செய்யும். யாராவது ஒருத்தன் பின்னால நிக்கணும்லா. அவனுவளுக்கு அது பழகிப் போச்சு. வடக்குத் தெருவுல ஒருத்தனும் அதை ஒரு குறையாச் சொல்லி நான் கேட்டதில்ல.

சாமி மொகம் மட்டும் கோயில் முத்தத்துல நின்னு பாத்தா தெரியாது. பிடரிதான் தெரியும். மொகத்தை அந்தப் பக்கம், கூரைப் பக்கமாத் திருப்பி வச்சிருந்தாரு. போர்வை தட்டையா, மொழுக்குன்னு இருக்கும். சின்ன வயசுல நான் எங்க அப்பாகிட்ட கேட்டிருக்கேன், ஏம்ப்பா சாமி நம்மளப் பாக்க மாட்டேங்காருன்னு. 'நம்ம பாவத்தைப் பாக்கச் சகிக்காம மொகத்தைத் திருப்பிக்கிட்டாருல'ன்னாரு அப்பா. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஏதாவது ஒரு சாமியாரு அதை வச்சே பிரசங்கம் பண்ணிருவாரு. 'சந்தியாகப்பர் உங்களைத் திரும்பிப் பாக்கும்படி வாழுங்கள்'னு. கேக்கும்போதே எங்களுக்கெல்லாம் அழுக வரும்.

நடுவுல ஒரு புயல் வந்துச்சு, எங்க பாட்டனாரு காலத்துல. பெரும் புயல். குதிரை ஆணி அறுந்து கூரை மேல சாஞ்சு போச்சு. அதைத் தூக்கி நிறுத்துனது யாருங்கிய? முழுக்க முழுக்க தெக்குத் தெரு. வடக்குத் தெருவுல அப்பம் ஒரு ஆம்பளை கெடையாது, எல்லாரும் சங்குகுளிக்குப் போயிருந்தானுவ. எங்க பாட்டனாரு தோளுல ஏறித்தான் சந்தியாகப்பர் திரும்ப மேல போனாரு. அவரு தோளுல வடு இருந்துச்சாம், எங்க அப்பா தன் தோளைத் தொட்டுக் காட்டிச் சொல்லுவாரு. வடக்குத் தெருக்காரனுவ சங்குகுளி முடிஞ்சு வந்து அண்ணாந்து பாத்துட்டு, 'என்னவே இது, குதிரை எங்க பக்கம்லா பாத்து நிக்கும்?'னு கேட்டானுவளாம். எங்க பாட்டனாரு அசரலியே! 'புயல்ல சாமியே மனசு மாறிட்டாரு'ன்னாராம். எப்படி? அப்படி ஒரு வாய்! அதை நெனச்சு நெனச்சுச் சிரிப்போம் எங்க வீட்டுல.

சரி. இப்பம் என்னாச்சுன்னா, கூரை ஒழுகுதுன்னு பங்குச் சாமி பாண்டிச்சேரியில இருந்து ஒரு அம்மாவை வரவழைச்சாரு. பழைய கட்டடத்தைப் பழைய மாதிரியே சரி பண்ணுறதுக்குன்னே படிச்சிருக்காவளாம். பேரு யாழினி. நல்ல பொண்ணு, மரியாதையாத்தான் பேசும். சாரம் கட்டி உச்சியில ஏறிப் பாத்துட்டு, ஆணியெல்லாம் துரு, எடுத்து மாத்தலைன்னா ஆள் தலையில விழுந்துரும்னு சொல்லிச்சு. சரி, இறக்குங்கன்னோம். இறக்கி முத்தத்துல வச்சாவ. அங்கதான் பிடிச்சது சனி.

அந்தப் பொண்ணு சுரூபத்தைச் சுத்திச் சுத்தி வருது. உக்காந்து பாக்குது. தடவிப் பாக்குது. பெறவு எங்களையெல்லாம் கூப்பிட்டு, 'ஐயா, இதை வார்த்தவங்க ஒரு பக்கத்தை மட்டும்தான் முழுசாச் செஞ்சிருக்காங்க'ன்னு சொல்லுது. செவரை ஒட்டி வைக்கிற சுரூபத்துக்குப் பின்பக்கம் எதுக்கு வேலைன்னு அப்படியே விட்டுருவாவளாம். நாங்க இத்தனை காலமும் முத்தத்துல நின்னு பாத்தது அந்தப் பின்பக்கமாம். மொழுக்குன்னு இருந்தது பாவத்தினால இல்லையாம், வேலை செய்யாம விட்டதாம். 'நல்ல பக்கம் மக்களைப் பாக்கணும்னா குதிரை வடக்க பாத்துத்தான் நிக்கணும், மொதல்ல அப்படித்தான் வச்சிருப்பாங்க. நடுவுல எப்பவோ யாரோ திருப்பி மாட்டிட்டாங்க'ன்னு சொல்லுது. யாரோவாம்! எங்களுக்குத் தெரியாம எவன் மாட்டுவான், சொல்லுங்க?

பங்குச் சாமி உடனே கமிட்டியைக் கூட்டிட்டாரு. நல்ல பக்கத்தை முன்னால வைக்கணும்னு சொல்லுறவங்க கை தூக்குங்கன்னாரு. வடக்குத் தெரு மொத்தமும் தூக்கிச்சு. அது தெரிஞ்ச விசயம். எங்க தெக்குத் தெருவுலயே பாதிப் பேரு தூக்கிட்டானுவ தம்பி! ஏம்ல உனக்குப் புத்தி கெட்டுப் போச்சான்னு ஒருத்தனைக் கேட்டேன். 'அண்ணே, மொகம் நல்லாருக்குண்ணே'ங்கான். எம் பொண்டாட்டி மெற்றில்டா மாதர் சங்கத்துல இருந்து போயிருந்தா. ரெண்டு கையையும் தூக்கியிருக்கா. வீட்டுக்கு வந்து கேட்டா, 'சாமி தோளுல ஒரு சிப்பி வச்சிருக்காரு, பாத்தியளா? கண்ணு அப்படியே நம்மளப் பாக்கு'ன்னு அழுதா. கண்ணைப் பாத்தாளாம். நம்ம தெருவைப் பாக்கல.

நான் பாத்தேனா? நான் பாக்கல. கீழ முத்தத்துல வச்சிருந்த நாள்லயும் பாக்கல, மேல ஏத்துன பெறவும் பாக்கல. எனக்கு எதுக்கு? நான் இந்தப் பக்கமே இருந்துக்கிட்டேன்.

அன்னைக்குத்தான் கொடிமரத்தைத் தொட்டுச் சொன்னேன். கோவத்துல சொன்னதுதான், மறுக்கல. ஆனா கோவத்துல சொன்னாலும் சொல்லு சொல்லுதான.

இதுல எனக்கு மானம் மட்டும்தான் பிரச்சினைன்னு நெனைக்காதிய. எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. சந்தியாகப்பர் சேனாதிபதிலா. அவரு குதிரை எந்தப் பக்கம் பாக்கோ அந்தப் பக்கம்தான் மொத அடி. திருவிழாச் சப்பரமா இருக்கட்டும், கல்யாண ஊர்கோலமா இருக்கட்டும், சவமே எடுத்தாலும் சரி, கோயில் வாசல்ல இறங்குனா குதிரை பாக்குற பக்கம்தான் திரும்பணும். அதனால எல்லாமே மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வரும். சப்பரம் எங்க வாசலுக்கு வாறப்ப பூவெல்லாம் அப்பம் பறிச்ச மாதிரி இருக்கும். பாண்டுக்காரன் புதுப் பாட்டா ஊதுவான். எங்க தெருவைச் சுத்திக் கடைசியா வடக்குத் தெருவுக்குப் போகும். அங்க போறதுக்குள்ள பூ வாடிரும், பாண்டுக்காரனுக்கு மூச்சு வாங்கும், பிள்ளையெல்லாம் தூங்கிரும். அவனுவ அதுக்கும் தோரணம் கட்டிக் காத்துக் கெடப்பானுவ. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா.

இந்த ஆடியில திருவிழா நடந்துச்சு. குதிரை வடக்க திரும்புன பெறவு மொத திருவிழா. சப்பரம் இறங்குனதும் வடக்கதான் திரும்பிச்சு. எங்க தெருவுக்கு வந்து சேரும்போது மெழுகுதிரி எல்லாம் அணைஞ்சு, மாலையெல்லாம் கருகி, பாண்டுக்காரன் வெறும் ட்ரம்மைத் தட்டிக்கிட்டு வாறான். சப்பரம் தூக்குனவன் ஒருத்தன் கொட்டாவி விடுதான். என் வாசல்ல வந்து கொட்டாவி! எனக்கு வயிறு எரிஞ்சுச்சு தம்பி. இப்படி ஒரு அநியாயம் எந்த ஊருலயாவது உண்டா? ஒரு தெருவுக்கே எச்சில் எலையைப் போடுற மாதிரில்லா ஆச்சு?

இதுக்குப் பெறவுதான் லின்டன் வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்தாவ. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசி வச்சிருக்கு, வீட்டுக்குத் தெரியாம இல்ல. நான் சரின்னேன். யோசிக்கவே இல்ல. வடக்குத் தெருன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு. என் மக தாலி கட்டிக்கிட்டு வாசல்ல இறங்குனதும் தெக்க திரும்பணும். பாண்டு முன்னால வர, அவ பொறந்த வீட்டு வாசலைத் தாண்டி, எங்க தெருவு சனம் எல்லாம் பாக்க நடந்து, பெறவு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகட்டும். நேர வடக்க திரும்புனா மாப்பிள்ளை வீடு அங்கயே வந்துரும். வீட்டுக்குள்ள போய்ட்டா ஊர்கோலம் முடிஞ்சுச்சு. எங்க தெருவுப் பக்கமே வராது. நான் பெத்து வளத்தவ, என் வாசலைத் தாண்டாமப் போனா அது என்ன கல்யாணம்?

பங்குச் சாமிகிட்டப் போய்க் கேட்டேன். அவரு மதிலுக்கு உள்ள, நான் மதிலுக்கு வெளிய. 'சாமி, குதிரை கெடக்கட்டும். அது மேல எனக்குள்ள வழக்கை நான் பெறவு பாத்துக்கிடுதேன். இந்த ஒரு நாளு மட்டும் மொத அடி தெக்க வைக்கட்டும்'னேன். 'எனக்கு ஆட்சேபணையே இல்ல, வடக்குத் தெருவைக் கேளுங்க'ன்னுட்டாரு. சம்பந்தக்காரர்தான அந்தத் தெருவுக்குப் பெரிய மனுசன். கஸ்பார்கிட்ட ஆள் அனுப்புனேன்.

அவரு என்ன சொல்லி அனுப்புனாருங்கிய? 'தாராளமா. என் மருமகளுக்காக ஒரு நாளு என்ன, எத்தனை நாளும் விட்டுக்குடுப்போம். பணம் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம், மன்னிப்பு வேண்டவே வேண்டாம். சம்பந்தக்காரர் எங்க தெருவுல வந்து நின்னு, நீங்க இத்தனை காலம் வாலைப் பாத்துக் கும்பிட்டது கஷ்டம்தான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். எங்க அப்பன் பாட்டன் காதுல விழுந்த மாதிரி இருக்கும்.' இதான் அவரு கேட்டது.

எனக்கு எப்படி இருக்கும்? நான் போய் வடக்குத் தெருவுல நின்னு சொல்லணுமாம். எதுக்கு? நானா குதிரையைத் திருப்புனேன்? எங்க பாட்டனாரு தோளு வடுவுக்கு ஒரு மரியாதை இல்லையா? கஷ்டமாம். கஷ்டம்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான. சும்மா இருந்துட்டு இப்பம் என் மக கல்யாணத்துல வந்து கழுத்தைப் பிடிச்சா? முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மக வந்து கெஞ்சுனா. 'ஒரு வார்த்தைதானப்பா'ன்னா. 'ஒரு வார்த்தைதாம்மா, ஆனா அதை யாரு சொல்லுறதுன்னு இருக்குல்லா'ன்னேன். பெறவு, 'அப்பா, உங்களுக்கு நான் பெருசா, குதிரை பெருசா?'ன்னு கேட்டுட்டா. நான் குதிரைன்னு சொல்லல தம்பி. அந்தோணியார் மேல சத்தியமாச் சொல்லல. யோசிச்சுச் சொல்லுதேன்னுதான் சொன்னேன். இதுல என்ன தப்பு? இதுக்குப் போய் அப்படி ஒரு அழுகை அழுதா. அவ அம்மா எனக்கு அன்னைக்குச் சோறு போடல.

காலையில அவளை வீட்டுல இருந்து அழைச்சிட்டுக் கெளம்பும்போது நான் கடக்கரையில இருந்தேன். வலை ஒண்ணு கிழிஞ்சு கெடந்துச்சு, யாராவது பாக்கணும்லா. எனக்காகக் கொஞ்ச நேரம் நின்னு பாத்தாளாம். என் தம்பி லாசர்தான் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருக்கான். அவனுக்கு என்ன, அவன் கையைப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது. நான் வந்து குளிச்சு, துணி மாத்தி, இங்ஙன வந்து உக்காந்துட்டேன்.

இருங்க, இருங்க. பேசாதிய. மைக் குழாய்ல கேளுங்க, சாமியாரு கல்யாண வாக்குறுதி சொல்லிக் குடுக்காரு. இது மாப்பிள்ளை குரலு. நல்லாச் சத்தமாச் சொல்லுதான் பாத்தியளா? கப்பல்ல வேலை பாக்குறவன்லா.

இப்பம் அவ.

'...இன்பத்திலும் துன்பத்திலும்...' குரலு இறங்குதே. எங்க வீட்டுல அவ பேசுனா மூணாவது வீட்டுக்குக் கேக்கும். இந்தக் குழாயைக் கட்டுனவன் எவன்? ஒழுங்காக் கட்டத் தெரியாதவனுக்கெல்லாம் காசைக் குடுத்து... சொல்லி முடிச்சிட்டாளா? முடிச்சிட்டா. மணி அடிக்கான். தாலி ஏறிட்டு.

கண்ணுல ஒண்ணும் இல்ல. கடக்காத்து, மண்ணு பறக்குது.

வெடி போடுதானுவ. இனி வெளிய வந்துருவாவ. நீங்க உக்காருங்க, அவசரப்படாதிய. பாண்டு இப்பம் ஆரம்பிப்பான் பாருங்க. ஆரம்பிச்சிட்டான். எனக்கு ஒரு நெனப்பு தம்பி. நான் போய்ச் சொல்லலைன்னாலும், பொண்ணைப் பெத்தவன் இங்ஙன உக்காந்திருக்கான்னு எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். மெற்றில்டா எப்படியும் சொல்லியிருப்பா. கல்நெஞ்சா அவனுவளுக்கு? இந்தப் பக்கம்தான் வருவானுவ. மொத அடி தெக்கதான் வைப்பானுவ. நான் இங்ஙன வந்து ஏன் உக்காந்தேன்னு நெனைக்கிய?

சத்தம் கிட்ட வருதுல்லா? வருது.

இல்ல, காத்து மாறி அடிக்கு, சரியா வெளங்கல. நீங்க சின்னப் பையன், காது நல்லாருக்கும். கேட்டுச் சொல்லுங்க. என்ன, கைய அந்தாலக் காட்டுதிய? வடக்கயா? நல்லாக் கேளுங்க. மதிலைச் சுத்தி வரும்போது அப்படித்தான் கேக்கும். கொஞ்சம் பொறுங்க, திரும்பிருவான்.

திரும்பலியே.

போகட்டும். போகட்டும் தம்பி. எனக்கு என்ன? போறவ போகட்டும். நான் குதிரைக்காகத்தான உக்காந்திருக்கேன், உக்காந்திருக்கேன். குதிரையை இறக்கி ஏத்துன நாள்ல இருந்து இங்ஙனதான் கெடக்கேன். காலையில வந்தா வாலு, சாயங்காலம் வந்தா வாலு. ஒரு வருத்தம்னு தலையத் தூக்குனா வாலு, ஒரு நல்ல சேதின்னு தூக்குனாலும் வாலு. பொண்ணு கேட்டு வந்தாவன்னு சந்தோசத்துல ஓடி வந்து அண்ணாந்து பாத்தேன், அன்னைக்கும் இதேதான். மனுசன் பாக்கக்கூடியதா தம்பி இது? ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்கே எனக்கு வெறுத்துப் போச்சு. நூறு வருசத்துக்கு மேல இதைப் பாத்து எப்படித்தான் கும்பிட்டானுவளோ. பாவம், பிள்ளை பொறந்தாலும் வந்து இதைத்தான பாத்திருப்பானுவ. கடல்ல ஆளு செத்தாலும் வந்து இதைத்தான. கொடுமைல்லா அது?

என்ன தம்பி, அப்படிப் பாக்கிய?

நான் என்ன சொல்லிட்டேன்?

சும்மா இருங்க, சிரிக்காதிய. வாயில வந்துச்சு, சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா ஆச்சா? நீங்க மதுரைக்காரரு. இதை அங்ஙனலா சொல்லியிருக்கணும். அந்த மனுசன் முன்னால, கஸ்பார் முன்னால.

இப்பம் பாண்டு எங்க வரைக்கும் போயிருக்கும்? கெணத்தடியைத் தாண்டியிருக்குமா? தாண்டியிருக்காதுங்கிய? பொம்பளையாளுவ சேலையப் பிடிச்சுக்கிட்டு மெதுவாத்தான நடப்பாளுவ. வாசல்ல ஆரத்தி வேற எடுப்பாவ, அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்லா. கடக்கரை வழியாச் சுத்துனா மணல்ல கால் புதையும், எட்ட முடியாது. கோயில் முத்தத்து வழியாப் போனாத்தான் பிடிக்கலாம். மதிலுக்குள்ளதான் போகணும். அந்த முகப்புக்கு முன்னாலதான் போகணும்.

மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சிராதிய. குதிரை வழக்கு அப்படியேதான் இருக்கு, அதை நான் விடப் போறதில்ல. ஒரு வார்த்தைதான கேட்டாரு, அதைச் சொல்லிட்டு வந்துருதேன்.

கையைக் குடுங்க தம்பி. உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு.